ஏழு வாயில் மண்டபம்

பழந்தமிழர் கடாரம் என வாய்நிறைய வழங்கிய நாட்டின் மேற்குக் கரையிலே, நெடுவழி நடந்தவன் களைத்துச் சாய்ந்தாற்போலக் கடலோரம் சரிந்து கிடக்கும் செராய் மலையின் முகட்டில் கார்த்திகைத் திங்களின் முகில்கள் படிந்திருந்தன. அடிவாரத்து மெர்போக் ஆற்றின் சதுப்பு மரங்களிடையே தேங்கிய மூடுபனி மெல்ல மேலெழுந்து, கிழக்கே நிரை நிரையாய் நின்ற இரப்பர்ப் பால்மரக் காடுகளை நனைத்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்த காலை வேளை அது. முன்னெல்லாம் அவ்வேளையில் அக்காடுகள் ஆரவாரித்துக் கிடக்கும். நெற்றியில் விளக்குக் கட்டிய ஆடவரும் பெண்டிரும் மரத்துக்கு மரம் விரைந்து, பட்டை சீவி, கிண்ணம் பொருத்தி, ஒருவரையொருவர் வம்புக்கிழுத்துச் சிரித்தபடியே நிரையை முடிப்பர். சப்பானியர் வந்து ஓராண்டு நிறையவிருந்த அந்தக் காலையிலோ மரங்கள் சீவுவாரின்றி நின்றன. நிரைகளுக்கிடையே மரவள்ளிச் செடிகள் தலைதூக்கியிருந்தன. இடையில் கோணிச்சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்ட மக்கள் கிழங்கு அகழ்ந்துகொண்டிருந்தனர். பசியை ஏட்டில் படித்தவர்க்கு அது ஒரு சொல். திகாம் பத்து என்னும் சிற்றூரைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தவர்க்கு அது நாள்தோறும் வாசலில் வந்து அமர்ந்த விருந்தாளி.

அந்தக் காலையில் கல்லுமலைத் தோட்டத்தின் மேட்டு நிலத்திலே, கழுத்துவரை பொத்தானிட்ட பழைய வெள்ளைச் சட்டையும் கையில் சுருட்டிய தாளுமாக ஒருவர் நின்றிருந்தார். அறுபத்தாறு அடிக்கு அப்பால், அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் குந்தியிருந்தான். முன்னவர் அருளம்பலம், பின்னவன் இருளப்பன். அவ்விருவரும் அந்த மேட்டில் அளந்துகொண்டிருந்தது கழனியன்று, சாலையன்று, கிணறுமன்று. கீழ்த்திசை நாடுகள் ஏழும் ஒருங்கே வீற்றிருந்து உலகின் வருங்காலத்தை வகுக்கப்போகும் பேரவையின் தலைமை மண்டபத்துக்கு அவர்கள் கடைக்கால் எல்லை குறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லாத மண்ணில் ஏழு நாடுகளுக்கு அரியணை மண்டபமா என்று நீங்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுத் தொடருங்கள், இறுதிவரை அந்நகை நிலைக்காது.

அருளம்பலம் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிற் பிறந்து, இருபதாம் அகவையில் கப்பலேறிக் கெடாவுக்கு வந்து, சுங்கைப் பட்டாணிப் பொதுப்பணித் துறையில் படவரைஞராய் அமர்ந்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் வரைந்தவற்றை எண்ணினால் மதகுகள் நூறு, கழிவறைகள் நூறு, தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களோ கணக்கில. ஒரு கோடு பிசகியதென்று எவரும் அவரைச் சொன்னதில்லை; ஒரு கோடு அழகாயிருக்கிறதென்றும் எவரும் சொன்னதில்லை. அவர் வரைந்த தாளின் அடியில் வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் தம் பெயரைக் கிறுக்குவார். அத்தோடு அந்தப் படம் அவருடையதாகிவிடும். வீட்டில் மட்டும், எவர்க்கும் காட்டாத தாள்களில், அருளம்பலம் மண்டபங்களும் மாடங்களும் வரைந்து வைத்திருந்தார். மனைவி இரஞ்சிதமும் மகளும் போருக்கு முந்திய ஆண்டே ஊருக்குப் போய், கடல்வழி அடைபட்டதால் அங்கேயே தங்கிவிட்டனர். மடலும் நின்றது, வேலையும் நின்றது.

இருளப்பன் கல்லுமலைத் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன். அளவை வேலைக்கு ஆள் வேண்டுமென்று துறையார் தோட்டத்தில் கேட்டபோது ஒருநாள் கூலிக்கு வந்தவன், அவ்வேலையிலேயே பதினைந்து ஆண்டு நிலைத்துவிட்டான். எழுத்தறியாதவன், ஆனால் சங்கிலி அரைவிரல் தளர்ந்தாலும் அவன் கை சொல்லிவிடும். சதுப்பில் இடுப்பளவு இறங்கி, அட்டை கடிக்கக் கடிக்க நிலைகோலை அசையாமல் பிடித்து நிற்பான். அளவைத் தொலைநோக்கி வழியே பார்க்கும் அருளம்பலம் கையை உயர்த்தினால் வலப்புறம் ஓரடி, தாழ்த்தினால் இடப்புறம் ஓரடி என்று இருவர்க்குமிடையே சொல்லின்றியே பேச்சு நடக்கும். அலுவலகத்தில் அருளம்பலம் நாற்காலியில் அமர்வார், இருளப்பன் வாசற்படியோடு நின்றுவிடுவான். காட்டிலோ ஒரே இலையிற் கட்டிய சோற்றை இருவரும் பங்கிட்டு உண்பார்கள். அதைக் குறித்து இருவரும் ஊரில் வாய்திறந்ததில்லை.

அந்த ஆண்டின் நடுவிலிருந்தே சயாம் என்னும் சொல் தோட்டங்களை நடுங்கவைத்தது. சயாமிலிருந்து பருமாவுக்குப் புகைவண்டிப் பாதை போடுவதற்கு ஆட்கள் வேண்டுமென்றும், மூன்று திங்களில் திரும்பிவிடலாமென்றும், வயிறார அரிசிச் சோறு உண்டென்றும் சொல்லிச் சரக்குந்துகளில் ஆடவரை ஏற்றிச் சென்றார்கள். மூன்று திங்கள் கழிந்தது, நான்காவதும் கழிந்தது, போனவர்களில் ஒருவனும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மூன்று லயங்களில் ஆண்குரலே கேட்பதில்லை என்றார்கள். இருளப்பனுக்கு முப்பத்தெட்டு அகவை, திரண்ட தோள். எந்தச் சரக்குந்து வந்தாலும் முதலில் கண்ணிற் படுபவன் அவன்தான். அவன் மனைவி பாப்பம்மா வண்டியொலி கேட்டதும் அவனைக் கிழங்குத் தோட்டத்துக்குள் விரட்டிவிட்டு, வாசலில் ஒன்றுமறியாதவள் போல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். அவனை எப்படியாவது காத்துவிட வேண்டும் என்னும் ஒரே கவலை அருளம்பலத்தின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

அந்நிலையில்தான் சுங்கைப் பட்டாணியில் அமர்ந்திருந்த சப்பானிய அலுவலர் மொரிகாவா அவரை அழைத்தார். படைக்கு வருமுன் கட்டடக்கலை பயின்ற இளைஞர் அவர். மெலிந்த உடலும் மூக்குக் கண்ணாடியுமாக, இடையில் தொங்கிய வாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுவார். பழைய துறையின் பெட்டியொன்றில் அருளம்பலம் மறந்து வைத்துவிட்ட மாடங்களின் படங்களை அவர் கண்டெடுத்திருந்தார். போர் முடிந்ததும் கீழ்த்திசை நாடுகள் ஏழும் சேர்ந்து ஒரு பேரவை அமைக்கும். அதன் தலைமையகம் தென்கடல் நாடுகளுக்கு நடுவில், இந்த மலைக்கு எதிரில் எழவேண்டும் என்பது என் எண்ணம். படத்தை மேலிடத்துக்கு அனுப்பப்போகிறேன். இந்த அழகான மாடங்களை வரைந்த கையே அதையும் வரையட்டும் என்று அவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். மேலிடம் அவரைக் கேட்டதா என்றால், இல்லை. அது ஓர் இளைஞனின் கனவு. ஆனால் அவர் கையில் முத்திரை இருந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக ஒருவர் தம் கோடுகளை அழகென்று சொல்லக் கேட்ட அருளம்பலத்துக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அதை அவர் தமக்கே மறைத்துக்கொண்டு, இருளப்பனைக் காக்க வழி பிறந்தது என்று மட்டும் எண்ணிக்கொண்டார். நிலத்தை அளக்கத் தம்மோடு பழகிய ஆள் ஒருவன் வேண்டும், அவனைச் சயாமுக்குக் கொண்டுபோகலாகாது என்று அவர் கேட்டார். மொரிகாவா அப்போதே ஒரு சீட்டெழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார். அதை மெழுகுத்துணியில் பொதிந்து, கயிற்றில் கோத்து இருளப்பன் கழுத்தில் அருளம்பலம் கட்டிவிட்டார்.

"இனிப் பயப்பிடாதை இருளப்பா," என்றார் அவர். "இந்தக் கட்டடம் முடியுமட்டும் உன்னை ஒருத்தரும் தொடேலாது."

"அப்ப முடிக்காதீங்கய்யா," என்று சிரித்தான் இருளப்பன்.

முடிக்காமலே இருந்திருக்கலாம். அவன் விளையாட்டாய்ச் சொன்னதை அவர் கேட்டிருந்தால் இக்கதையே பிறந்திராது. ஆனால் தாகத்தோடு வந்தவன் செம்பைப் பாதியில் கீழே வைப்பதுண்டா? அருளம்பலம் விடிந்ததும் மேசையில் அமர்ந்தால் பொழுது சாயும்வரை எழமாட்டார். வட்டமான ஒரு பெருமண்டபம். அதைச் சுற்றி ஏழு வாயில்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு நாட்டின் திசையை நோக்கியது. ஏழும் ஒரே உயரம், ஒரே அகலம். எவர் எவ்வழியே நுழைந்தாலும் நடுவிலுள்ள வட்ட மேசைக்கு நடக்கும் தொலைவு ஒன்றே. மேலே கூரையில் ஒளிபுகும் ஒரு திறப்பு. நண்பகலில் கதிரவன் ஒருவர் தலைமேலும் தங்காமல் மேசையின் நடுவில் மட்டுமே விழும்படி அதை அவர் அமைத்திருந்தார். மூன்று கிழமை கணக்கிட்டு அந்தத் திறப்பைக் கண்டுபிடித்த நாளன்று, கேட்பதற்கு ஆளின்றி, அவர் இருளப்பனிடமே அதை விளக்கினார். அவனும் சுண்ணாம்புத் தூளால் தரையில் வட்டமிட்டுப் பார்த்து, வெயில் யார் தலையிலும் விழாது என்பதை ஒப்புக்கொண்டான்.

படத்தைக் கண்ட மொரிகாவா அதைச் சன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொரு கோடாய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தயங்கித் தயங்கி, ஒரு திருத்தம் வேண்டுமென்றார். சப்பானின் வாயில் மற்றவற்றினும் நான்கு முழம் உயர்ந்திருக்க வேண்டும்; அந்நாட்டின் இருக்கை ஒருபடி மேலே அமைய வேண்டும்; இல்லையேல் மேலிடம் ஏற்காது. அருளம்பலம் தலையசைத்தார். அப்போதுதான் அவர்க்கு ஒன்று தோன்றி, அந்த ஏழில் ஒன்றாய் எண்ணப்படாத, இந்த மண்ணுக்குரிய மலாய் நாட்டுக்கு எந்த வாயில் என்று கேட்டார். அவ்வினா மொரிகாவாவுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவர் படத்தைச் சுருட்டி அருளம்பலத்தின் கையில் கொடுத்துவிட்டார். அருளம்பலம் தம் மேசைக்குத் திரும்பி ஒரு வாயிலை நான்கு முழம் உயர்த்தினார். வட்டம் குலைந்தது, கூரையின் சரிவு மாறியது, நண்பகல் வெயில் இப்போது உயர்ந்த இருக்கையின்மேல் சாய்ந்து விழுந்தது. அங்கேயே அவர் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, அழகு கெட்ட பின்னும் அந்தக் கட்டடம் அவர்க்குத் தம் பிள்ளையாகவே தெரிந்தது.

இனி வருவது அந்தத் துறையில் வளர்ந்தவர்களன்றி வேறெவரும் செய்திருக்க முடியாத பிழை. பொதுப்பணித் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. வரைபடத்தோடு இரண்டு பட்டியல்கள், துறையார் சொல்லில் பட்டிகள், இணைந்து வரவேண்டும்: ஒன்று செங்கல், சுண்ணாம்பு, மரம் முதலியவற்றின் பொருட்பட்டி, மற்றொன்று வேலைக்கு வரக்கூடியோரின் ஆட்பட்டி. முற்காலத்தில் மேற்பார்வையாளர் சிலர் இல்லாத ஆட்களை இருப்பதாய்க் காட்டி ஏய்த்ததால், ஆட்பட்டியில் வெறும் எண்ணிக்கை கூடாது. பெயர், அகவை, தொழில், குடியிருக்கும் லயம் யாவும் வேண்டும் என்று விதித்திருந்தார்கள். பட்டியில்லாத படம் வாசலிலேயே திருப்பியனுப்பப்படும். துரைகள் ஓடிப்போய் ஓராண்டாகியும் அந்த விதி அருளம்பலத்தின் கைவிரல்களில் இருந்தது. மொரிகாவா பட்டி கேட்கவேயில்லை. கேட்காத ஒன்றை அவர் தம் படம் குறையற்றதாய் விளங்கவேண்டுமென்று தாமே சேர்த்தார்.

அதில் வேறொரு நினைவும் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஒரு சீட்டு ஒருவனைக் காக்குமென்றால், முத்திரையிட்ட ஒரு பட்டி நூறுபேரைக் காக்காதா என்று அவர் எண்ணினார். இருளப்பனிடம் சொன்னதும் அவன் கண்கள் கலங்கிவிட்டன. வடக்கு லயத்து முதல் வீட்டிலிருந்து தொடங்கி, வீடு வீடாய், நல்ல உடற்கட்டுள்ளவர்களை அவன் பெயர் சொல்லச் சொல்ல, அருளம்பலம் தம் முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: பக்கிரிசாமி, முப்பத்தொன்று, கல்தச்சன்; அடுத்தவன், இருபத்தாறு, மண்வெட்டுபவன்; அதற்கடுத்தவன், மரம் அறுப்பவன். செய்தி பரவியது. கட்டடத்தாளில் பெயர் ஏறியவனைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று பெண்கள் காலையும் மாலையும் இருளப்பன் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி இரண்டு முட்டை கொண்டுவந்தாள். அந்தக் காலத்தில் இரண்டு முட்டை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் ஏற்றுக்கொண்டான்.

பட்டி நூற்றுப் பதின்மூன்றில் முடிந்துவிட்டது என்று அடிக்கோடிட்ட பின்னும் காளியம்மா என்பவள் விடவில்லை. அவள் கணவன் முனியாண்டி ஐம்பதைக் கடந்தவன். சற்றே காலைச் சாய்த்து நடப்பவன். கட்டட வேலைக்கு ஆகமாட்டான் என்று இருளப்பன் தட்டிக்கழித்தான். அவளோ நேரே அருளம்பலத்தின் வாசலுக்கு வந்து நிலைப்படியில் தலைசாய்த்து உட்கார்ந்துவிட்டாள். அருளம்பலத்துக்கு மனம் பொறுக்கவில்லை. அடிக்கோட்டுக்குக் கீழே நூற்றுப் பதினான்காவதாக முனியாண்டியை எழுதி, அகவை நாற்பது என்று போட்டார். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பொய் அளவு அதுதான். அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மாசித் திங்களில் மொரிகாவா படத்தையும் பட்டிகளையும் ஒன்றாய்க் கட்டி, முத்திரையிட்டுத் தம் பேழையில் வைத்தார். பங்குனியில் அவரைப் பருமாப் போர்முனைக்கு மாற்றினார்கள். விடைபெற வந்தவர், படம் தமக்குப் பின் வருபவர் வழியே மேலிடம் சேரும் என்று உறுதி சொல்லிப் போனார். பின்னால் வந்தவர்க்குக் கட்டடக்கலை தெரியாது. அவர்க்குத் தெரிந்ததெல்லாம், இந்தக் கிழமைக்குள் சயாமுக்கு நூறு ஆட்களை அனுப்பியாக வேண்டும் என்னும் ஆணை ஒன்றே. பேழையைத் திறந்தார், ஏழு வாயில் மண்டபத்தை ஒருபுறம் தள்ளினார், அடியிலிருந்த ஆட்பட்டியைப் பார்த்தார். பெயர் இருந்தது, அகவை இருந்தது, தொழில் இருந்தது, எந்த லயத்தில் எந்த வீடு என்பதும் இருந்தது. வேறு எந்தத் தோட்டத்திலும் இத்தனை செம்மையாக ஆள்பிடிக்கும் வேலையை எவரும் செய்து வைத்திருக்கவில்லை.

சித்திரை பிறந்து நான்காம் நாள் காலையில் எட்டுச் சரக்குந்துகள் கல்லுமலைத் தோட்டத்துக்குள் நுழைந்தன. கிழங்குக் காட்டில் ஓடி ஒளிவதற்கு இம்முறை எவரும் முயலவில்லை. கட்டட வேலை தொடங்கிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த அருளம்பலமும் முதலில் அப்படியே நினைத்தார். நாள்தோறும் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அனைவரையும் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளன் ஒருவன் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர் படித்தான். அருகில் சென்ற அருளம்பலம் அத்தாளைக் கண்டார். தம் எழுத்தைத் தாமே அறியாதவர் உண்டோ! எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்க, சயாம் என்று அவன் தலை நிமிராமலே சொன்னான்.

அருளம்பலம் அங்கே நின்ற புது அலுவலரிடம் ஓடினார். இது கட்டட ஆட்களின் பட்டி, முத்திரையிட்டது, இவர்களை அனுப்பலாகாது என்று எத்தனையோ சொன்னார். அந்தக் கட்டடம் எங்கே என்று புது அலுவலர் திரும்பக் கேட்டார். மேட்டு நிலத்தில் நாலைந்து முளைக்குச்சிகள்தாம் இருந்தன. பெயர்கள் முடிந்தன, கடைசியாய் முனியாண்டி சாய்ந்து சாய்ந்து நடந்து வரிசையில் போய் நின்றான். சயாம் என்னும் சொல் அப்போதுதான் களமெங்கும் பரவ, பெண்கள் அலறத் தொடங்கினார்கள். தோட்ட அலுவலகத்திலிருந்து பெயர்கள் போயிருக்க வேண்டும், நல்லவர் மொரிகாவா இருந்திருந்தால் கட்டடத்தாள் காப்பாற்றியிருக்கும் என்று அவர்கள் ஓலமிட்டார்கள். படித்த தாள் எதுவென்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்க்கும் தெரியவில்லை. இருவர்க்கு மட்டும் தெரிந்தது.

இருளப்பன் கழுத்துச் சீட்டைப் பார்த்த மொழிபெயர்ப்பாளன், அவன் விலகி நிற்கலாம் என்று கைகாட்டினான். அவன் விலகவில்லை, அருளம்பலத்தின் அருகே வந்தான்.

"பேரு கூப்புட்ட வரிசையக் கவனிச்சீங்களாய்யா?" என்றான் தாழ்ந்த குரலில். "வடக்கு லயத்து மொத வீட்டுலேர்ந்து. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுனீங்களே, அதே வரிச."

"ஓம்," என்றார் அருளம்பலம். ஆம் என்பதாய்த் தலையும் அசைந்தது.

"அந்தப் பேரெல்லாம் என் வாயாலதான வந்துச்சு. நான் மட்டும் நின்னுட்டா, அந்த நூத்திப்பதினாலு வீட்டு வாசல்லயும் எப்படி நடப்பேன்? நான் போறேன்யா."

"நில் இருளப்பா. உன்னட்டைச் சீட்டு இருக்கு. உனக்காகத்தானே நான் இவ்வளவும்..."

"தெரியும்யா. நீங்க சும்மா இருங்க. ஒண்ணும் பேசாதீங்க, பேசுனா உங்களையும் ஏத்திருவான்." இதைச் சொல்லிவிட்டு அவன் சீட்டுக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, மொழிபெயர்ப்பாளனின் கையில் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் முனியாண்டிக்குத் தோள்கொடுத்து நின்றான்.

நண்பகல்வரை வண்டிகள் புறப்படவில்லை. பெண்கள் துணிமூட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். பாப்பம்மா கொண்டுவந்ததில் ஒரு வேட்டியும் அவித்த மரவள்ளியும் இருந்தன. இருளப்பன் அவள் காதோடு ஏதோ சொன்னான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அருளம்பலம் பிரட்டுக்களத்து ஓரத்தில், அவன் சொன்னபடியே, சும்மா நின்றார். இதற்குமேல் ஒரு சொல் பேசியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று என்னை வினவாதீர்கள். எதுவும் மாறியிருக்காது, ஒருவேளை ஓர் ஆள் கூடுதலாய்ப் போயிருப்பார். ஆயினும் அவர் பேசவில்லை என்பது பேசவில்லை என்பதுதான். எட்டு வண்டிகளும் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு சுங்கைப் பட்டாணிப் புகைவண்டி நிலையத்தை நோக்கிப் போயின.

போர் ஓய்ந்து, வெள்ளையர் திரும்பி, துறை மீண்டும் திறக்கப்பட்டு, அருளம்பலம் பழைய நாற்காலியில் அமர்ந்தபோது அகவை ஐம்பதாகவில்லை. தலை முழுவதும் வெளுத்திருந்தது. நூற்றுப் பதினைவரில் ஒன்பதுபேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவனான பக்கிரிசாமி, ஆற்றங்கரை மூங்கில் கொட்டகையில் வாந்திபேதி கண்டு மூன்றே நாளில் இருளப்பன் மாண்டதைச் சொன்னான். அதற்கு முந்திய கிழமைதான் முனியாண்டியைத் தன் கையாலேயே குழியில் இட்டானாம். பிறர்க்கு நீர் சுமந்து சுமந்தே அந்நோயை வாங்கிக்கொண்டானாம்.

தோட்டத்துப் பெண்கள் அருளம்பலத்தைக் கண்டால் கும்பிட்டார்கள். எங்களைக் காப்பாற்றப் பார்த்த மனிதர், எங்கள் விதி, அவர் என்ன செய்வார் என்றார்கள். காளியம்மா கிழங்கும் கீரையும் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அந்தக் கீரையை அவரால் உண்ணவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. வசை வந்திருந்தால் தாங்கியிருப்பார். நன்றியை அவரால் தாங்க முடியவில்லை. பாப்பம்மா மட்டும், வண்டிகள் போன பின் கழிந்த மூன்றாண்டில், ஒருமுறையும் அவர் பக்கம் வரவில்லை. அதைக் கைம்பெண்ணின் துயரம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

கடைசியில் ஒரு மாலை, பொழுதிருக்கும்போதே, அவர் வடக்கு லயத்துக்கு நடந்தார். பால்மரங்களை மீண்டும் சீவத் தொடங்கியிருந்தார்கள்; பாப்பம்மா பால்வாளியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து, முக்காலியை எடுத்துப் போட்டு, தள்ளி நின்றாள். அவர் அமரவில்லை.

"பாப்பம்மா, அண்டைக்குக் களத்திலை வாசிச்ச தாள் என்ரை தாள். தோட்டத்துக் கந்தோரிலை இருந்து வரேல்லை. நான்தான் எழுதினனான்," என்றார். மூன்றாண்டு நெஞ்சில் சுமந்தது மூன்று சொற்றொடரில் முடிந்துவிட்டது.

"தெரியும்யா," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"துணிமூட்டை குடுக்கப் போனேன்ல, அப்பவே சொல்லிட்டாரு. ஐயா நல்லதுன்னு நெனச்சு எழுதுனாரு, பேரு சொன்னது நானு, ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதன்னாரு. நான் விடல."

அருளம்பலத்தின் கண்கள் நிறைந்தன. நாளைக் காலை பிரட்டுக்களத்தில், எல்லாப் பெண்களும் கூடியிருக்கும்போது, தாமே இதைச் சொல்லிவிடப்போவதாகவும், அவர்கள் என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்வதாகவும் அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். தம்மை மன்னிக்க வேண்டுமென்றும் கேட்டார். அவள் வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். குரலில் சினமில்லை, ஆனால் இரக்கமும் இல்லை.

"அவரு மன்னிச்சிட்டுத்தான் போனாருய்யா. நான் மன்னிக்கல. பேரு சொன்னவரு லோரியில ஏறுனாரு. எழுதுனவரு ஓரமா நின்னாரு. நானும் பாத்துகிட்டுத்தான இருந்தேன்." சற்று நிறுத்தி, மீண்டும் சொன்னாள்: "களத்துல போயிச் சொல்லாதீங்க. சொல்லிட்டா உங்க பாரம் எறங்கிரும். ஆனா பேரு குடுத்தவன் என் புருசன்னு நாளைக்கு அவரையும் சேத்து ஏசுவாளுங்க. செத்தவரு வந்து பதில் சொல்ல முடியாது. நீங்க சும்மா இருந்து பழகுனவருதான. அப்படியே இருங்க."

அவர் பிறகு ஒன்பது ஆண்டு உயிரோடிருந்தார். இரஞ்சிதம் ஊரிலிருந்து அழைத்தும் போகவில்லை. துறையில் தம் கடமையைச் செய்தார். மதகும் லயமும் வரைந்தார். தெருவில் காண்போர் கும்பிட்டால் தாமும் கும்பிட்டார். நல்ல மனிதர் என்று அந்த வட்டாரமே சொல்ல, அந்தச் சொல் காதில் விழுந்த நாள்தோறும் அவர் தலைகுனிந்து நடந்தார். அதைப் பணிவென்று ஊரார் மெச்சினார்கள். அறிவுடையீர், தீமை செய்ய எண்ணிச் செய்தவர்க்கு அறநூல்களில் தண்டம் உண்டு. நன்மை செய்ய எண்ணி, அதனோடு தம் பெருமையையும் ஒரு கைப்பிடி கலந்துவிட்டவர்க்கு எந்த நூலிலும் தண்டம் இல்லை. எழுத்தறியாத ஒருத்திதான் அதை வகுத்துக் கொடுத்தாள். அவரும் அதை ஒருநாளும் மீறாமல், எவரிடமும் சொல்லாமல் முடித்துவிட்டுப் போனார்.